உ வரிசை

கருப்பூருக்கு அப்பால், வெள்ளைக்கல் சுரங்கத்தின் முதுகுப்புறம்
முந்நூறு மீட்டர்.
கடைசியில் ஒரு மண்மேடு. மேட்டின் முன் காகிதம்.
காகிதத்தின் நடுவில் இருக்கும் கறுப்பு
இங்கிருந்து பார்த்தால் மிளகு.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசு நிறுக்கும் தராசில்தான்
குண்டுகளை நிறுத்தேன், ராத்திரி.
ஒரே அச்சு, ஒரே பெட்டி.
நிறுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதகம்.
"தட்டுல என்ன கறுப்பு?" என்றார் காலையில்.
"மை" என்றேன்.
முத்திரை இல்லாத வெள்ளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மருந்தை ஏற்றிக்கொண்டே போனேன்,
குன்றிமணியில் பாதி, அந்தப் பாதியில் பாதி
என்ற கணக்கில்.
ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து தோட்டா.
பித்தளைக் குப்பிகளின் அடியில் நகப்பூச்சால்
அ, ஆ, இ, ஈ, உ.

அ சிதறியது, கல்யாண வீட்டு அட்சதை.
ஆ ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றது.
"ஏணி போட்டிருக்கடி" என்றாள் நசீமா,
குழிக்குள்ளிருந்து, போனில்.
இ பரவாயில்லை.
ஈ பரவாயில்லை என்று சொல்லக்கூட ஆகாது.

இங்கே கொடியை நம்பக் கூடாது.
கொடி ஒன்று சொல்லும், காற்று ஒன்று செய்யும்.
சுரங்கத்து லாரி போகும்போது எழும் வெள்ளைத் தூசியைப் பார்க்க வேண்டும்.
சேர்வராயன் பக்கம் சாய்ந்தால் காத்திரு.
நிமிர்ந்து நின்றால்
பாதி மூச்சை விடு, மீதியை வைத்துக்கொள்.

உ.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
"ஒண்ணுதான் தெரியுது. மத்த மூணும் எங்க போச்சு?"
"அதுக்குள்ள."
சொல்லும்போதே நாக்கு உலர்ந்துவிட்டது.

குழாய்மேல் வெயில் நெளிந்தது.
தூசி நிமிர்ந்துதான் இருந்தது, சத்தியமாக.
கழுத்தில் ஓர் எறும்பு ஊர்ந்ததா,
இல்லை அது வியர்வையா.
ஐந்தாவது
போய்விட்டது.

போனில் வெகுநேரம் காக்கா சத்தம் மட்டும்.
பிறகு,
"நாலு விரல் வலது. தனியா நிக்குது,
பந்தியில எடம் கிடைக்காத சம்பந்தி மாதிரி."

"அத விட்டுடுங்க மேடம், நாலை மட்டும் அளங்க"
என்றார் கிளப் செயலாளர் தெய்வசிகாமணி.
நல்ல மனிதர். அவர் நோட்டில் எல்லாமே நாலு.

நான் ஐந்தையும் அளந்தேன்.
நான்கும் ஒரு கொலுசுத் திருகுக்குள் அடங்கும்.
ஐந்தாவதைச் சேர்த்தால் என் உள்ளங்கை.
காரணம் என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதி அடித்தேன்.
குண்டு என்று எழுதினேன்.
அதை நிறுத்தவள் நான், அதையும் அடித்தேன்.
கை என்று எழுத வந்தபோது
பேனா நன்றாகத்தான் எழுதியது.
அடிக்கத்தான் இடமில்லை.

அதன் கீழே:
அடுத்த ஞாயிறு. உ மட்டும். இருபது.

பட்டறையில் தராசு காலியாக
ராத்திரி பத்து ஆகும்.