வெறும் நீலம்

முகத்துவாரத்துக்கு மேற்கே
ஏழு கடல்மைல்.
என் திரையில் அங்கே ஒன்றுமில்லை.
கப்பல்பாதை ஊதா. கடலடிக் கேபிள் சிவப்பு.
மணல் அள்ளக் கேட்டிருக்கும் சதுரம் மட்டும்
மஞ்சளில், பாதி ஒளிபுகும்படி.

மாதா கோயில் மண்டபத்தில்
சுவர் வெடிப்பின் மேல் வரைபடம் விழுந்தது.
"உங்கட இடங்களைச் சொல்லுங்கோ" என்றேன்.
கூட்டம் மின்விசிறியைப் பார்த்தது.

வெளியே, மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி
ரெஜினோல்ட் போனைக் காட்டினான், ஒரு கணம்:
நாற்பத்துமூன்று புள்ளிகள்.
கோழிப்பார். டொனால்ட் வலை கிழிஞ்சது. மச்சாள்.
உடனே அணைத்தான்.
"இதைப் போட்டா நாளைக்கு
நீர்கொழும்பு முழுக்க அங்க நிக்கும், மிஸ்.
போடாட்டி மணலோட அள்ளிருவான்.
நீங்களே சொல்லுங்க."

நான் சொல்லவில்லை.

கொள்ளுப்பிட்டி அலுவலகம், இரவு ஒன்பது.
ஜன்னலுக்குக் கீழே பாணந்துறை ரயில்,
அதற்கப்பால் லேயர் இல்லாத கடல்.
மௌஸால் ஒரு வட்டம் போட்டேன்,
வேண்டுமென்றே கோணலாக,
மஞ்சள் சதுரத்தை முழுதாய் விழுங்கும்படி,
எந்தப் பார் எவனுடையது என்று
உள்ளே தெரியாதபடி.

ஆதாரம்? என்று கேட்டது பெட்டி.
செய்மதி, ஆய்வுக் கப்பல், ஏனையவை.
ஏனையவை.
துல்லியம்?
'குறைவு' என்று அழுத்தினேன்,
இவ்வளவு கவனமாக
எதையும் அழுத்தியதில்லை.