மூன்றாம் பகுதி

தார்த்து நகரம். மார்ச்.
ஜன்னலுக்கு வெளியே பாதி பனி, பாதி சேறு.
தத்துவத் துறையின் மாடி அறையில்
பதினான்கு பேர், ஒரு பிளாஸ்க் காபி,
யாரும் தொடாத பிஸ்கட் தட்டு.

ஊர்வே பிஹ்லாக் வாசிக்கிறாள்:
இருவர் சேர்ந்து ஒரு மேசையைத் தூக்கும்போது
தூக்கும் எண்ணம் யாருடையது?

தாளின் தலைப்பில் இரண்டு பெயர்கள்.
இரண்டாவது பெயர்க்காரன்
நவம்பரில் இறந்துபோனான்.
"நாங்கள் வாதிடுவது என்னவென்றால்" என்கிறாள்.
அவள் மொழியில் நாமும் நாங்களும் ஒரே சொல்.
அது வசதியா, தொல்லையா,
எனக்குத் தெரியவில்லை.

கேள்வி நேரம்.
முதலில் எழுந்தவர் கேள்வி கேட்கவில்லை;
ஏழு நிமிடம் தன் புத்தகத்தைச் சொன்னார்.
பிறகு ரீகாவிலிருந்து வந்த காதிஸ்,
விவரம் அறியாத பையன், கை தூக்கினான்:
"பாதி வழியில் ஒருவர் கையை விட்டுவிட்டால்?
மற்றவர் செய்வது
இன்னும் சேர்ந்து செய்வதுதானா?"

யாரோ கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள்.
தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஊர்வே பக்கங்களைப் பின்னால் புரட்டினாள்.
"அது மூன்றாம் பகுதி. அவன் எழுதியது.
எனக்கு அதில் உடன்பாடில்லை.
கிறிஸ்துமஸ் விடுமுறையில் சண்டை போட்டுத்
தீர்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம்."
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.
"அவன் சொல்வது: ஆம்.
மேசை கீழே வைக்கப்படும் வரை, ஆம்."

சொன்னான் என்று சொல்லவில்லை.

அடுத்த கை.
ஒன்பதாம் அடிக்குறிப்பில் ஓர் எழுத்துப்பிழை
என்றார் கடைசி வரிசைக்காரர்.
பென்சிலால் சுழித்துக்கொண்டே
"அது நான்தான்" என்றாள்.