பக்கம் முப்பத்தொன்று

வாகரை ஆஸ்பத்திரிக்கு எதிரே என் கடை.
போட்டோகொப்பி, லமினேட்டிங்,
காணிக் கடிதம், பொலிஸ் முறைப்பாடு,
தமிழில் தட்டச்சு.

மருதமோட்டைக்குளத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.
சீமெந்துப் பையின் உள்தாளில் சுற்றிய
நான்கு அப்பியாசக் கொப்பிகள்.
ஒன்றில் மீன் கடன் கணக்கு.
தலைகீழாகத் திருப்பினால் பின்னட்டையிலிருந்து தொடங்குகிறது
ஏழு பேர் காடிறங்கிக் கடல் கண்ட கதை.

"எங்கட ஆக்கள்ட கதை.
இருபது வீடு. இருபது புத்தகம் வேணும்"
என்றாள் கதிராசிப்பிள்ளை,
கொப்பிகளை மேசையில் வைக்காமல்.

தட்டத் தொடங்கினேன்.
வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'மறுகா'.
மறுகா மூத்தவன் நடந்தான். மறுகா மழை.
மறுகா தேனடையை உப்புத் தண்ணியில் தோய்த்து
ஆளுக்கொரு துண்டு தின்றார்கள்.
பதினெட்டு மறுகாவை வெட்டியெறிந்தேன்,
நல்ல தமிழாக்கிவிட்ட நினைப்பில்.
அவள் திரையில் விரல் வைத்தாள்:
"மறுகா இல்லாட்டி மூச்சு விடுறது எங்க கா?"
பதினெட்டையும் தேடித் தேடித்
திரும்ப வைத்தேன்.

கடைசித் தம்பி கடலோடு நின்றுவிட்டான் என்றது ஒரு கொப்பி.
மற்றக் கொப்பியில் அது தம்பி இல்லை, தங்கை.
எது சரி என்று கேட்டேன்.
கோணாமலை தம்பி என்றார். பூபாலி தங்கை என்றாள்.
இருவரும் ஒரே மரத்தடியில் மடை வைக்கிறவர்கள்.
'அல்லது' என்று தட்டினேன்.
அழிக்கச் சொன்னார்கள்.
"தம்பியும் நிண்டான். தங்கச்சியும் நிண்டாள். எழுதுங்க."
எண்ணும்மை என்று பள்ளியில் படித்ததுதான்.
பரீட்சைக்கு இரண்டு புள்ளி.
அந்தச் சின்ன 'உம்' ஒரு குடியையே சுமக்கும் என்று
யார் நினைத்தது?

போன வருடம் இதே மேசையில்
பூபாலியின் மகனுக்கு ஒரு விண்ணப்பம் நிரப்பினேன்.
இனம் என்ற கட்டத்தில்
கேட்காமலே 'இலங்கைத் தமிழர்' என்று எழுதினேன்.
அவளும் கேட்காமலே கையெழுத்து வைத்தாள்.
இன்று முகவுரையில் அந்த மற்றச் சொல் வந்தபோது
என் விரல் கொஞ்சம் தயங்கியது.
பூபாலி பார்த்துவிட்டாள்.
"என்ன பாக்கிறீங்க?
ரெட்டைக்கொம்பு போட்டு, 'வே'. வேடர்."

கரண்ட் போய்
வர ஒரு மணித்தியாலம். தேத்தண்ணி குடித்தோம்.

முப்பத்தோராம் பக்கத்துக்கு வந்தபோது
கொப்பித் தாள் மடிந்திருந்தது,
சுற்றிவரக் கறுப்பு நூலால் தைத்து.
"பிரிக்கவா?"
"வேணாம். அது சடங்கில கூப்பிடுற பேருகள்.
தெய்வம் வந்த ஆள்ட வாயால மட்டும் வாறது."
"அப்ப விட்டுட்டு முப்பத்திரண்டுக்குப் போவம்."
"விடப்படாது" என்றார் கோணாமலை,
அதுவரை அதிகம் பேசாதவர்.
"நம்பரைப் போடுங்க.
கீழ ஒண்டும் அடிக்காதீங்க.
இருக்கெண்டு தெரியணும்."

இருபது முறை இயந்திரம் வெறுந்தாளை இழுத்தது.
மற்றப் பக்கங்களைப் போலவே
அதுவும் சூடாகத்தான் வெளியே வந்தது.
அந்த இருபதுக்கும் காசு வேண்டாம் என்றேன்.
கதிராசிப்பிள்ளை கோபப்பட்டாள்.
சேலைத் தலைப்பை அவிழ்த்து,
சில்லறையாக,
அதற்கும் எண்ணி வைத்துவிட்டுத்தான்
மட்டக்களப்பு பஸ்ஸை மறித்தாள்.

ஒரு தாள் கோணலாக அச்சாகி
என்னிடம் தங்கிவிட்டது.
மேலே 31. மற்றதெல்லாம் வெள்ளை.

மறுகா,
நேற்று ஒரு பொடியன் வந்து
போன் நம்பர் எழுதத் துண்டுத் தாள் கேட்டான்.
கை அதற்குத்தான் போனது.
எடுத்தேன். பார்த்தேன்.
அதை லாச்சிக்குள் வைத்துவிட்டு
அவனுக்குப் புதுத் தாள் ஒன்று கிழித்துக் கொடுத்தேன்.