பதினேழாம் நம்பர் மரம்

பள்ளி விடுமுறையில் என்ன செய்தாய் என்ற கேள்விக்கு
‘குடும்பத்தோடு பழம் பறித்தேன்’ என்று
எழுதிக் கொடுத்திருக்கிறாள் திர்ஷா.
டீச்சர் சரி போட்டிருக்கிறார்.
டுரியானைப் பறிக்க முடியாது, டீச்சர்.
அது மனசு வைத்துத் தானாக விழவேண்டும்.
அதுவரை எங்கள் வேலை
கொசு அடிப்பது,
அணிலைத் திட்டுவது.

பாலிக் புலாவ் மலைச்சரிவில்
நாற்பத்திரண்டு மரம் குத்தகை.
முன்பணம் தவுக்கேயிடம்,
என் வளையல் அடகுக்கடையில்.
மரத்துக்கு மரம் சிவப்புச் சாயத்தில் நம்பர்.
எழுதும்போது கவினேஷுக்கு ஆறு வயது;
ஏழு வருகிற இடமெல்லாம்
இன்னமும் திரும்பி நிற்கிறது.

மாசியில் பூத்தது.
ராத்திரியில் வௌவால் வந்து போகும்,
அதற்கு மட்டும் நாங்கள் கல்லெடுப்பதில்லை.
போன வருஷமும் இப்படித்தான் பூத்தது,
மூன்று ராத்திரி மழை
அத்தனையையும் கழுவிக்கொண்டு போனது.
மரத்துக்கு ஏழெட்டுக் காய்.
விலையோ கிலோ அறுபது வெள்ளி.
விற்கப் பழமில்லாதவளுக்கு
விலையைக் கேட்பதே ஒரு வயிற்றெரிச்சல்.

இந்த வருஷம் வானம் பொறுத்துக்கொண்டது.
கிளை முறியுமென்று பயந்து
காயைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம்.
ஆனி பிறந்த மறுநாள் முதல் சத்தம்.
அன்றைக்குப் பதினொன்று.
அடுத்த வாரம் எண்ணுவதை விட்டுவிட்டோம்.
மோட்டார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு
விடியுமுன் நான்கு பேரும் குனிந்து நடப்போம்,
திருட வந்த குடும்பம் மாதிரி.
கூடை நிறையும்.
கை கிழியும்.
சோற்றிலும் அந்த வாசனை, தலையணையிலும் அந்த வாசனை.
முகுந்தன் சீட்டியடித்தபடி பசியாற வந்தார்,
கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில்
அந்தச் சீட்டியை நான் கேட்டதில்லை.

எங்களுக்கு மட்டுமா காய்த்தது?
தீவு முழுக்கக் காய்த்தது.
பகாங்கில் அதற்கு மேல் காய்த்தது.
காலையில் அவர் கைப்பேசியைப் பார்ப்பார்,
நான் அவர் முகத்தைப் பார்ப்பேன்.
முப்பத்தைந்து.
இருபத்தெட்டு.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு.
லோரிக்காரர் பழத்தை உருட்டினார், காம்பை முகர்ந்தார்,
மூன்றுக்கு ஒன்றைக் காலால் ஒதுக்கினார்.
போன வருஷம் புழு விழுந்ததைக்கூடக்
கெஞ்சி வாங்கிப் போன அதே கால்.

ஒதுக்கியதை வேனில் ஏற்றி
ஆயர் ஈத்தாம் சாலையோரம் நிறுத்தினோம்.
கவினேஷ் ஹொக்கியனில் கூவினான், தமிழில் கூவினான்,
தொண்டை கட்டியதும் கையால் காட்டினான்.
நகராண்மைக் கழக ஆள் வந்தார்.
இங்கே நிறுத்தக் கூடாது என்றார்.
நல்லதாக இரண்டு எடு என்றார்.
காசு கொடுத்தார், அதையும் சொல்லவேண்டும்.
மாலைக்குள் நானூற்றுப் பத்து வெள்ளி;
வேனுக்கு எண்ணெய் எண்பது.

பதினேழாம் நம்பர் பழம்
நல்ல வருஷத்திலும் விலைபோவதில்லை.
மூசாங் கிங்கும் இல்லை, ஆங் ஹேயும் இல்லை,
அதற்கு ஒரு பெயரே இல்லை.
தோல் தடிப்பு, சுளை சிறிசு.
நாக்கில் கசந்து
விழுங்கிய பிறகுதான் இனிப்பைக் காட்டும்.
வீட்டுக்கு எப்போதும் அதுதான்.

நேற்று ராத்திரி கொட்டகையில்
கணக்கு நோட்டு எங்கள் இருவருக்கும் நடுவில்.
உரம், வலை, குத்தகை, வட்டி.
மிச்சம் வந்த எண்ணை
அவர் ஒரு தரம் கூட்டினார், நான் ஒரு தரம் கூட்டினேன்.
அது அசையவில்லை.
அடுத்த வருஷம் வேண்டாம் என்றேன்,
ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்கள் என்றேன்.
‘சீட்டு எடுத்தாவது கட்டுவேன்’ என்றார்.
எந்தச் சீட்டு, யார் பேரில், என்று
நான் குரலை உயர்த்தினேன்.
அவர் நோட்டை மூடினார்.
பிள்ளைகள் தூங்குவது போல் படுத்திருந்தார்கள்.

தொப்.
பிறகு பாறையில் ஒரு தட்டு.
பிறகு சருகில் உருளும் சத்தம்,
நெடுநேரம்.

இரண்டு பேரும் வாயை மூடினோம்.
‘பதினேழு’ என்றேன்.
‘பதினேழுதான்’ என்றார்.
போர்வைக்குள்ளிருந்து திர்ஷா,
‘ஓடை வரைக்கும் போயிருக்கும்பா.’

டார்ச் என் பக்கம் இருந்தது.
ஹெல்மெட்டை அவர் எடுத்து நீட்டினார்.