விற்ற குன்று

ஆல்டவியருக்கு வழி கேட்டால்
மணிக்கூண்டைப் பார்த்து வா என்போம்.
வேறெதுவும் இங்கே நிமிர்ந்து நிற்பதில்லை.
தட்டைப் புல்வெளி, அதைக் கீறிய கால்வாய்கள்,
வட கடல் காற்றுக்குப் பின்புறம் காட்டும் ஆடுகள்.
நாற்பத்தொரு வீடு. மூடிய பால் பண்ணை.
பேருந்து செவ்வாயும் வெள்ளியும்.

குன்று என்று நாங்கள் சொல்வது ஆறு மீட்டர்.
மலை பார்த்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.
அணை இல்லாத காலத்தில்
அலை ஏறி இறங்கிய சேற்றின் மேல்
சாணமும் களிமண்ணும் உடைந்த சட்டியுமாய்
தலைமுறைக்கு ஒரு சாண் வளர்த்தது.
மாடு போட்டதன் மேல்
மனிதர் நனையாமல் தூங்கினார்கள்.

பிறகு அணை வந்தது.
கடல் வெளியே நின்றுகொண்டது.
உயரத்துக்கு வேலை இல்லை.
தெற்கே மணல் காட்டு உழவர்கள்
எங்கள் குன்றை முகர்ந்து பார்த்து
எரு என்றார்கள்.

குந்தித் தின்றால் குன்றும் மாளும்.
நாங்கள் குந்தக்கூட இல்லை.
குனிந்து வெட்டினோம்,
படகுக்கு இத்தனை கில்டர் என்று.

கணக்கு நோட்டு சர்ச் அலமாரியில் இருக்கிறது.
யெல்லெ, பன்னிரண்டு படகு.
விதவை சிட்ஸ்கெ, தோட்டத்தின் கீழ்ப் பாதி.
ஓரிடத்தில் பென்சிலில்:
'எலும்புச் சீப்பு ஒன்று. நான்கு பல் இல்லை.
எடுத்தவன் வைத்துக்கொண்டான்.'

சர்ச்சுக்கு அடியில் மட்டும் விட்டுவைத்தது
பக்தியால் அல்ல.
சுவரில் விரிசல் ஓடியது;
பாதிரியார் வந்து மண்வெட்டியின் மேல்
உட்கார்ந்துகொண்டார், மழையிலும்.
அதனால்தான் கல்லறைத் தோட்டம்
கேக்கை வெட்டியதுபோல் சட்டென்று முடிகிறது.
விளிம்பில் இருப்பது ஹில்க்யெயின் கல்.
ஆண்டுக்கு ஒரு விரற்கடை சாய்கிறது.
நகராட்சி வேலி போட்டது.
ஆடுகள் அதில் முதுகு சொறிகின்றன.

போன மாதம்
தெற்கிலிருந்து வரும் வண்டியில்
ஐந்து கிலோ உருளைக்கிழங்கு வாங்கினேன்.
கழுவக் கழுவ மணல்.
ஒரு கிழங்கின் குழியில் மட்டும்
கறுப்பாய், பிசுபிசுவென்று,
நகத்தால் நோண்டினால்தான் வந்தது.
முகர்ந்து பார்த்தேன்.
பைத்தியம் மாதிரிதான்.

'அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதே,
குழாய் அடைத்துக்கொள்ளும்' என்றான் வீப்ரன்,
செய்தித்தாளிலிருந்து தலை எடுக்காமல்.

சட்டியோடு தெருவைக் கடந்து
வேலிக்கு மேலாக ஊற்றினேன்.
காற்று பாதியை
என் செருப்பில் கொண்டுவந்து போட்டது.