ஆறு மணி நேரம், நாற்பத்தாறு நிமிடம்

உங்கள் கடிதம் கிடைத்தது.
இரண்டு படங்களும் தெளிவாகவே இருக்கின்றன.
காலை ஒன்பது ஏழுக்கு நுழைவது என் கார்தான்.
பிற்பகல் மூன்று ஐம்பத்து மூன்றுக்கு வெளியேறுவதும் அதுதான்.
பம்பரில் அப்பியிருக்கும் சேறுகூட என்னுடையதே.
நடுவில் இருக்கும் ஆறு மணி நேரம், நாற்பத்தாறு நிமிடமும்
உங்கள் கோடுகளுக்குள் நான் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள்.
நூறு பவுண்ட்.
பதினான்கு நாளுக்குள் கட்டினால் அறுபது.
குற்றத்துக்குத் தள்ளுபடி தரும் கடையை
கார்மார்த்தனில் இதற்குமுன் நான் பார்த்ததில்லை.

நடந்தது இது.
காலையில் ஸ்பிரிட், பஞ்சு, ஒரு பெட்டி பிளாஸ்திரி.
பதினோரு நிமிடம். ரசீது இத்துடன்.
வெளியே வரும்போது ரொட்டி லாரி ஒன்று
முதுகில் மூக்கு இடிக்க என்னை ஒட்டியே வந்தது.
உங்கள் ஒற்றைக் கண் அன்று
ரொட்டியைத்தான் பார்த்திருக்கும்.
மூன்று நாற்பத்தொன்றுக்கு மீன் வாங்க மறுபடி வந்தேன்.
கொட்டும் மழை. அதில் உங்களுக்கு என்ன தெரிந்ததோ.

இடையில் எங்கே இருந்தேன், நிரூபி என்கிறீர்கள்.
நான் பாதம் பார்ப்பவள்.
வீடு வீடாகப் போய் நகம் வெட்டி, காய்ப்புச் சீவி,
அடுத்தவர் காலடியில் உட்கார்ந்து பிழைக்கிறேன்.

பத்து மணிக்கு கெய்னோர். எட்டு மாதம்.
தன் பாதங்களைப் பார்த்து ஆறு வாரமாகிறதாம்.
'இன்னும் இருக்கிறதா?' என்று கேட்டாள்.
இருக்கிறது என்றேன், எண்ணிச் சொன்னேன்.

பதினொன்றரைக்குத் திருமதி பெவன். காலாணி.
பேச்சு அதிகம். அதை நான் பில்லில் சேர்ப்பதில்லை.

ஒரு மணிக்கு, கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், இட்வால் ரீஸ்.
அவருக்கு இடது கால் மட்டும்.
வலது சர்க்கரையில் போய் மூன்று வருடம்.
ஒரு காலுக்கு நான் பாதிக் கட்டணம் வாங்குகிறேன்.
இல்லாத காலுக்கு யாரிடமும் காசு கேட்டதில்லை.
தயவுசெய்து இந்த வரியை
இன்னொரு முறை படிக்கவும்.

மூவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.
'இங்கேதான் இருந்தாள், தேநீரை ஆறவிட்டாள்'
என்று இட்வால் கூடுதலாக எழுதியதை
அடிக்க மனம் வரவில்லை.

பலகையைப் பற்றியும் ஒன்று.
நேற்று போய்ப் பார்த்தேன்,
புதருக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு மேலே.
மேலே வெல்ஷ், கீழே ஆங்கிலம்.
இரண்டு மொழியிலும் படிக்க முடியவில்லை;
அந்த ஒரு விஷயத்தில் பாரபட்சம் இல்லை.
எழுத்து, சுண்டுவிரல் நகத்தில் பாதி.
நகம் என் தொழில். அளவு தப்பாது.

இப்படிக்கு,
நெரிஸ் ப்ரோபர்ட்.

*

ஐந்து வாரம் கழித்து ஒரு தாள் வந்தது.
நல்லெண்ண அடிப்படையில், இம்முறை மட்டும்,
கட்டணம் ரத்து செய்யப்படுகிறது.
லாரி பற்றி ஒரு வார்த்தை இல்லை.
கெய்னோர் பற்றி, தேநீர் பற்றி, எதுவும் இல்லை.

ஜெயித்துவிட்டாயே, விடு, என்றான் ஹூவல்.
நல்லெண்ணத்தை யார் கேட்டது?
மூன்றெழுத்து போதும், 'தவறு' என்று.
அதைச் சொல்ல மனமில்லாமல்
என்னை மன்னித்துவிட்டிருக்கிறார்கள்.

இட்வாலிடம் சொன்னேன்.
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை அவர்.
பிறகு, மழை வந்தால்
வலது பாதம் இன்னும் அரிக்கிறது என்றார்,
கையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல்.

வெள்ளிக்கிழமை மறுபடி அதே கடைதான்.
பக்கத்தில் வேறு கடை இருந்தால் போயிருப்பேன்.
வெளியேறும் வழியில், கேமராவுக்கு நேர் கீழே,
காரை நிறுத்தினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
அடிக்கட்டும்.
நான்கு.