முதல் பாடம்

மூன்று மாதமாக
விழ மட்டுமே சொல்லித்தருகிறேனாம்.
"ஜூடோன்னா தூக்கிப் போடறதுதானே?
இதுக்கா மாசம் ஐந்நூறு?" என்கிறார்
நஸ்ரினின் வாப்பா.

மஞ்சக்குப்பம் மொட்டைமாடி.
பாயில் வேர்வை, உப்புக்காற்று.
தாடையை நெஞ்சில் ஒட்டு,
தலை தரையைத் தொடக்கூடாது,
கையால் அறை. மறுபடி.

நேற்று சிப்காட் கேண்டீன் கணக்கு முடித்து
மழைவிட்ட இருட்டில் வருகையில்
தேவனாம்பட்டினம் வளைவில் மணல்.
ஸ்கூட்டி தன்பாட்டுக்குப் போனது.
நான் விழுந்ததை
நான் பார்க்கவே இல்லை.
உள்ளங்கை மட்டும்
தாரை ஓங்கி அறைந்திருந்தது.

"ரோட்டை ஏம்மா அடிக்கிற,
ரோடா தள்ளிவிட்டுச்சு?"
டீக்கடைக்காரர் தூக்கிவிட்டார்.

முழங்கையில் சிராய்ப்பு.
பையில் பன்னிரண்டு முட்டை;
ஏழு தப்பித்தன.
மற்ற ஐந்துக்கும்
யாரும் சொல்லித்தரவில்லை.